பவுச் ஆலை எதில் பணம் போடுவது? நான்கு பசுமை வழிகள், ஒரு கறாரான ஒப்பீடு

மசாலாத் தூள், சலவைத் தூள், விதை, உரம் என்று பலவற்றுக்கும் பவுச் அச்சடித்துக் கொடுக்கும் சிறிய, நடுத்தர ஆலைக்காரர்கள் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பொருள் வாங்கும் பெரிய நிறுவனம் “உங்களிடம் பசுமைப் பேக்கேஜிங் என்ன இருக்கிறது?” என்று கடிதம் அனுப்பிவிட்டது. கையில் இருக்கும் பணம் ஒரு மாற்றத்துக்குத்தான் போதும். எதைத் தொடுவது?

சந்தையில் விற்பனையாளர்கள் காட்டும் வழிகள் நான்கு. பல பிலிம்களை ஒட்டிச் செய்யும் லேமினேட் முழுவதையும் ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்வது, பயன்படுத்தி எறிந்த பிளாஸ்டிக்கிலிருந்து வரும் மறுசுழற்சிக் குருணையை (உருக்குவதற்கான சிறு மணிகளை) கலப்பது, மட்கும் பிளாஸ்டிக்குக்கு மாறுவது, காகிதத்துக்கு மாறுவது. நான்குக்கும் பளபளப்பான கையேடுகள் உண்டு. கையேட்டில் அச்சாகாத செலவுகளும் உண்டு.

அதற்கு முன் ஒன்றை ஓரம் கட்டிவிடலாம். கூரையில் சோலார் தகடு, காற்றாலை மின்சாரத்தில் பங்கு, வளாகத்தில் மரக்கன்று: இவற்றில் தவறில்லை, முதல் இரண்டில் மின் கட்டணமும் குறையும். ஆனால் பேக்கேஜிங் ஆலையின் சுமை பெரும்பாலும் மூட்டையில் வந்து இறங்கும் குருணையில்தான் இருக்கிறது. ஒரு கிலோ பாலிஎத்திலீன் ஆலை வாசலுக்கு வருவதற்குள் ஏறக்குறைய 2 கிலோ கரியமில வாயு வெளியேறியிருக்கும். அதை உருக்கிப் பலூன்போல ஊதிப் பிலிமாக்கப் பொதுவாக ஒரு யூனிட் மின்சாரம்கூட ஆகாது. நம் நாட்டு மின்தொகுப்பில் அந்த ஒரு யூனிட்டின் கணக்கு சுமார் 0.7 கிலோ. மின்சாரம் முழுவதையும் வெயிலிலிருந்தே எடுத்தாலும் சுமையில் முக்கால் பங்கு அப்படியே நிற்கும். ஆகவே இந்த ஒப்பீடு குருணையையும் பிலிமையும் பற்றியது.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், உள்ளே இருக்கும் பொருள் கெடாமல் இருக்குமா என்பது. காபித் தூள் மணம் போய்த் திரும்பி வந்தால் பையின் பசுமையைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை. வீணான காபியை விளைவிக்கச் செலவான நீரும் மின்சாரமும் பையின் சுமையைவிடப் பல மடங்கு. இரண்டாவது, இருக்கும் இயந்திரத்தில் ஓடுமா என்பது. இங்கே ‘இயந்திரம்’ என்பது உங்கள் லேமினேட்டர் மட்டுமல்ல, வாடிக்கையாளரிடம் ஓடும் நிரப்பும் இயந்திரமும்தான். மூன்றாவது, காலிப் பை கடைசியில் எங்கே போகும். நான்காவது, சட்டக் கணக்கில் அது எந்த வகையில் விழும். ஐந்தாவது விலை, அதிலும் கிலோவுக்கு என்ன விலை என்று பார்க்கக் கூடாது, ஒரு பைக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். பலர் சறுக்குவது இந்த ஐந்தாவதில்.

சட்டக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ நெறிமுறைகள் (சந்தைக்கு விட்டவரே கழிவுக்கும் பொறுப்பு என்பவை) பிளாஸ்டிக் பேக்கேஜிங்கை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. பாட்டில், டப்பா போன்ற கெட்டியானவை முதல் வகை. வளையும் பிலிம்கள் இரண்டாம் வகை. வெவ்வேறு பிளாஸ்டிக்குகளை ஒட்டிய லேமினேட்டும் இதில்தான் அடங்கும். பிளாஸ்டிக்கோடு அலுமினியத் தகடோ காகிதமோ சேர்ந்தால் மூன்றாம் வகை. மட்கும் பிளாஸ்டிக் நான்காம் வகை. மறுசுழற்சிப் பிளாஸ்டிக் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கு 2025-26ஆம் ஆண்டுக்கு வகுத்த இலக்கு முதல் வகைக்கு 30 சதவீதம், இரண்டாம் வகைக்கு 10, மூன்றாம் வகைக்கு 5. 2028-29இல் இவை 60, 20, 10 ஆக வேண்டும். இலக்கு பிராண்டு நிறுவனத்தின் தலையில் இருந்தாலும், கொள்முதல் நிபந்தனையாக அது உங்கள் மேசைக்கு வந்து சேரும்.

நான்கையும் தொடுமுன்: மைக்ரான்

புது இயந்திரம் வாங்கும் முன் பிலிமின் கனத்தைப் பாருங்கள். அதை அளப்பது மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில். மெட்டலோசின் என்ற வலுவான பாலிஎத்திலீன் வகைக் குருணை கலந்த நல்ல பிலிம், பழைய பிலிமைவிட மெலிதாக இருந்தும் அதே வலுவைத் தரும். குறைகிற ஒவ்வொரு மைக்ரானும் குருணைச் செலவிலும் கரிக் கணக்கிலும் ஒரே நேரத்தில் குறைகிறது. பசுமையும் லாபமும் சண்டையில்லாமல் ஒரே பக்கம் நிற்கும் அபூர்வமான இடம் இது.

இதிலும் பொறி உண்டு. உங்கள் பிலிமில் இடத்துக்கு இடம் கனம் பத்து சதவீதம் ஏறி இறங்கினால், சராசரியைக் குறைக்கும்போது மெலிந்த இடம் ஓட்டையாகும். முதலில் டையையும் (உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் வாய்) பிலிமைக் குளிர்விக்கும் காற்று வளையத்தையும் சரிசெய்ய வேண்டும். லேமினேட்டில் சேராத தனிப் பிலிம் உறைகளுக்கு 50 மைக்ரானும், கடைகளில் பொருள் போட்டுத் தரும் கைப்பைகளுக்கு 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானும் சட்டத்தின் கீழ்வரம்பு என்பதையும் மறக்கக் கூடாது.

வழி 1: ஒரே வகைப் பிளாஸ்டிக் லேமினேட்

வழக்கமான மசாலா பவுச்சில் வெளியே 12 மைக்ரான் பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) பிலிம், உள்ளே 60 மைக்ரான் பாலிஎத்திலீன். இரண்டையும் பசை பிணைத்திருக்கும். பிரிக்க முடியாது, சேர்த்து உருக்கினால் எதற்கும் ஆகாத கலவை. வெளியேயும் பாலிஎத்திலீனையே வைத்தால் மொத்தப் பையையும் உருக்கிக் குருணையாக்கலாம். பால் கவரைப் பாருங்கள். அது ஒரே வகைப் பிளாஸ்டிக், அதனால் பழைய பேப்பர் கடையில் விலை போகிறது. வீடுகளில் கழுவிக் காயவைத்துச் சேர்க்கிறார்கள். அதே வீடுகளில் மசாலா பாக்கெட்டை யாரும் சேர்ப்பதில்லை.

எடைக் கணக்கு: பழைய லேமினேட் ஒரு சதுர மீட்டருக்கு, பெட் 17 கிராம், பசை 2, பாலிஎத்திலீன் 55, ஆக 74 கிராம். புதியதில் வெளியே 25 மைக்ரான் நீட்டிய பாலிஎத்திலீன் 24 கிராம், பசை 2, உள்ளே 50 மைக்ரானாகக் குறைத்தால் 46, ஆக 72. உள் அடுக்கைக் குறைக்காமல் அப்படியே விட்டால் 81. மாறுகிறோம் என்று பைக்கு ஒன்பது சதவீதம் கூடுதல் பிளாஸ்டிக் போடும் வேடிக்கை இங்கேதான் நடக்கும்.

மறைந்த செலவு நிரப்பும் இயந்திரத்தில் இருக்கிறது. பெட் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். பாலிஎத்திலீன் வகையைப் பொறுத்து 110 முதல் 135 டிகிரிக்குள் இளகிவிடும். பழைய பவுச்சில், பையைச் சூட்டால் அழுத்தி ஒட்டும் சீலிங் தாடையின் சூடு இருபது, முப்பது டிகிரி ஏறினாலும் வெளிப்பக்கம் அசையாது. ஆபரேட்டர் சூட்டை ஏற்றி வேகத்தைக் கூட்டுவார். புதிய பவுச்சில் அந்தத் தாராளம் இல்லை. சூடு கொஞ்சம் கூடினால் வெளிப்பக்கம் தாடையில் ஒட்டி இழுபடும், குறைந்தால் சீல் பிரியும். தாடைக்கு டெஃப்லான் நாடா, வெப்பம் தாங்கும் மேற்பூச்சு, துல்லியமான வெப்பக் கட்டுப்பாடு என்று ஏற்பாடுகள் உண்டு; அவற்றோடும் ஆரம்பத்தில் வேகம் குறையவே செய்யும். வேகம் குறைந்தால் அது உங்கள் வாடிக்கையாளரின் நஷ்டம். அவர் அதை விலையில் கழிப்பார்.

பாலிஎத்திலீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. உப்பு, பருப்பு, மாவு, சலவைத் தூள் ஆகியவற்றுக்கு இது போதும். காபி, மணம் போகக் கூடாத மசாலா என்றால் நடுவில் இவிஓஎச் என்ற தடுப்பு அடுக்கு வேண்டும். மொத்த எடையில் அது 5 சதவீதத்துக்குள் இருந்தால் மறுசுழற்சிக்குத் தடையில்லை என்பது ஐரோப்பிய வடிவமைப்பு வழிகாட்டிகளின் பொது நிலை. ஆனால் அதற்குப் பல அடுக்கு பிலிம் ஊதும் இயந்திரம் வேண்டும், அல்லது அந்தப் பிலிமை வெளியே வாங்க வேண்டும்.

சட்டக் கணக்கில் இரண்டு வினோதங்கள். பெட்டும் பாலிஎத்திலீனும் ஒட்டிய பையும், முழுப் பாலிஎத்திலீன் பையும் இரண்டாம் வகையிலேயே வருகின்றன. சிரமப்பட்டு மாறியவருக்குக் கலப்பு இலக்கில் தனிச் சலுகை இல்லை. அலுமினியத் தகடு லேமினேட்டிலிருந்து மாறுகிறவர் நிலை இன்னும் மோசம்: மூன்றாம் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு வருவதால் அவருடைய கலப்பு இலக்கு 5இலிருந்து 10 ஆக ஏறுகிறது. நம் நெறிமுறைகளில் சரிசெய்ய வேண்டிய ஓட்டை இது என்பது என் கருத்து. மாற்றத்துக்கான உண்மையான உந்துதல் ஏற்றுமதிச் சந்தையிலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேக்கேஜிங் ஒழுங்குமுறை 2026 ஆகஸ்ட் 12 முதல் நடைமுறைக்கு வருகிறது. 2030க்குள் அங்கே நுழையும் பேக்கேஜிங் மறுசுழற்சிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மறுசுழற்சி செய்ய முடியும் என்பதும் செய்யப்படும் என்பதும் வேறு வேறு. சிப்ஸ் பாக்கெட்டுகளில் பல ஏற்கெனவே முழுக்க பாலிபுரோப்பிலீன்தான், உள்ளே மெல்லிய உலோகப் பூச்சு மட்டுமே உண்டு. இருந்தும் அவற்றைப் பொறுக்குபவர் இல்லை. ஒரு பாக்கெட் நான்கு கிராம் என்றால் கிலோ சேர 250 பாக்கெட் குனிந்து எடுக்க வேண்டும். ஆகவே ஒரே வகைப் பிளாஸ்டிக் என்பது ஒரு கிலோ, ஐந்து கிலோ பைகளில் பொருள் தரும்; ஐந்து ரூபாய் சாஷேயில் அது பெரும்பாலும் அறிக்கைக்கு மட்டுமே உதவும்.

வழி 2: மறுசுழற்சிக் குருணை கலப்பது

சுற்றி வளைக்காமல் சொன்னால், இந்த நான்கில் பாலிஎத்திலீனை விடாமலே புதுக் குருணையின் தேவையை நேரடியாகக் குறைக்கும் வழி இதுதான். மூன்று அடுக்கு பிலிம் ஊதும் இயந்திரம் இருந்தால் நடு அடுக்கில் கலந்து, மேலும் கீழும் புதுக் குருணை வைத்து ஓட்டலாம். புது முதலீடு மிகக் குறைவு.

எங்கே பயன்படாது என்பதை முதலில் பார்க்கலாம். இந்தியாவின் 2018ஆம் ஆண்டு உணவுப் பேக்கேஜிங் ஒழுங்குமுறை மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கை உணவுக்கு அனுமதிக்கவில்லை. 2022 திருத்தம் கதவைத் திறந்தது. நடைமுறையில் பாதை தெளிவாகியிருப்பது பெட் பாட்டிலுக்குத்தான். பாலிஎத்திலீன் மசாலா பவுச்சில் இதைக் கலக்கிறேன் என்று யாராவது சொன்னால், அந்த ஆர்டரை விட்டு விலகி நிற்பது நல்லது. சட்டக் காரணத்தால் கலக்க முடியாதவருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விலக்கு தரலாம். ஆனால் இலக்குக்கு மேல் கலந்தவரிடமிருந்து அதே அளவுக்குச் சான்றிதழ் வாங்கி ஈடுகட்ட வேண்டும்.

உணவல்லாத இடங்களில் நிலைமை வேறு. சலவைத் தூள், உரம், பாட்டில்களைக் கட்டும் சுருங்கு பிலிம், கூரியர் உறை, திருப்பூரிலிருந்து போகும் பனியன்களின் பாலிபேக் ஆகியவற்றுக்கு இதுதான் முதல் தேர்வு. பிரிட்டன் 2022 ஏப்ரல் 1 முதல், 30 சதவீதத்துக்குக் குறைவாக மறுசுழற்சிப் பிளாஸ்டிக் உள்ள பேக்கேஜிங்குக்கு டன்னுக்கு 200 பவுண்டு வரி விதித்தது. 2025 ஏப்ரலில் அது 223.69 பவுண்டு ஆனது. பொருள் நிரம்பி இறக்குமதியாகும் பைகளும் இந்த வரிக்குள் வரும். ஆடை வாங்குகிறவர்கள் உலகளாவிய மறுசுழற்சித் தரச் சான்று கேட்பதன் பின்னணியில் இதுவும் ஒன்று. அந்தச் சான்றுக்குக் குறைந்தது 20 சதவீதமும், பொருளில் முத்திரை போட 50 சதவீதமும் கலந்திருக்க வேண்டும். உங்கள் ஆலையில் வெட்டி விழும் ஓரத்தையே திரும்ப உருக்கி அதை மறுசுழற்சி என்று காட்ட முடியாது. பசுமைக் கூற்றுகளுக்கான ஐஎஸ்ஓ 14021 தரம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மறைந்த செலவுகள் அன்றாட ஓட்டத்தில் தெரியும். ஒரு லோடு நன்றாக ஓடும், அடுத்த லோடில் உருகும் தன்மையே மாறியிருக்கும். பிலிமில் புள்ளி, பசைக் கட்டி, சோப்பு மணம். வடிகட்டி வலை சீக்கிரம் அடைத்து அழுத்தம் ஏறும். நிறுத்தி வலை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஊதிய பிலிம் குமிழி சரிந்து பிலிம் கழிவாகும். இதையெல்லாம் சமாளிக்கச் சூப்பர்வைசர் யாரிடமும் சொல்லாமல் கனத்தை ஐந்தாறு மைக்ரான் ஏற்றிவிடுவார். குருணையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். பிளாஸ்டிக் கழிவுக்கான ஜிஎஸ்டி 2021 அக்டோபரில் 5 சதவீதத்திலிருந்து 18 ஆனதால், ரசீதில்லாமல் விற்கிறவர்களுக்கும் ஒழுங்காக விற்கிறவர்களுக்கும் இடையே விலை வித்தியாசம் கூடியிருக்கிறது. மலிவான பக்கம் சாய்ந்தால் தணிக்கையில் காட்ட ரசீது இருக்காது. 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தணிக்கையில் மூன்று மாநிலங்களில் சுமார் 6 லட்சம் போலி மறுசுழற்சிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. எனவே விற்பவரின் கழுவும் தொட்டியையும் கழிவுநீர் ஏற்பாட்டையும் நேரில் போய்ப் பாருங்கள். கழுவாமல் அரைக்கும் இடத்திலிருந்து நல்ல குருணை வராது.

வழி 3: மட்கும் பிளாஸ்டிக்

பெயரைக் கேட்டதும் வாடிக்கையாளரின் விளம்பரப் பிரிவுக்குப் பிடித்துப்போவது இது. பணம் அதிகம் கரைவதும் இதில்தான்.

ஐஎஸ்ஓ 17088 தரத்தின்படி மட்கும் என்று சொல்ல, சுமார் 58 டிகிரியில் உரமாக்கும் சூழலில் 12 வாரத்தில் சிதைந்து, 180 நாளுக்குள் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். வீட்டு உரத் தொட்டி அந்தச் சூட்டை எட்டுவதில்லை, தெருவோரச் சாக்கடையும் எட்டுவதில்லை. கொடுங்கையூர், வெள்ளலூர் போன்ற குப்பைக் கிடங்குகளில் கொட்டினால் அது வெகுகாலம் பிளாஸ்டிக்காகவே கிடக்கும். பழைய பிளாஸ்டிக்கோடு கலந்து மறுசுழற்சிக்குப் போனால், அங்கே வரும் நல்ல குருணையையும் கெடுக்கும்.

விலையில் ஒரு ஒளிவு இருக்கிறது. இந்த வகைப் பிளாஸ்டிக்கின் அடர்த்தி சுமார் 1.25, பாலிஎத்திலீனுடையது 0.92. அதே 60 மைக்ரான் பிலிமுக்கு ஒரு சதுர மீட்டரில் 55 கிராமுக்குப் பதில் 75 கிராம் ஆகும். கிலோ விலை சமமாக இருந்தாலே பைக்கு 36 சதவீதம் கூடுதல். கிலோ விலையோ சமமாக இருப்பதில்லை. ஈரத்தையும் வெப்பத்தையும் கண்டால் மெல்ல நலிவதே இதன் இயல்பு என்பதால், சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் ரோலை மாதக்கணக்கில் வைக்க முடியாது. ஆர்டர் தள்ளிப்போனால் இருப்பு வீண்.

பொருத்தமான இடம் சின்னது, ஆனால் உண்மையானது: ஈரக் கழிவைத் தனியே எடுத்து உரமாக்கும் குடியிருப்புகளுக்கும் விடுதிகளுக்குமான குப்பைப் பை, நிலத்தில் பரப்பும் மூடாக்கு பிலிம். உணவுக் கழிவோடு சேர்ந்தே பையும் போகும் இடங்கள் இவை. இதற்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக்கில் ஏதோ ஒரு பொடியைக் கலந்தால் மட்கிவிடும் என்று விற்க வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆக்சிஜனால் துண்டு துண்டாகும் அந்த வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021லேயே தடை செய்துவிட்டது.

வழி 4: காகிதம்

துணிக்கடைப் பை, வெளிப்பெட்டி, கூரியர் உறை ஆகியவற்றுக்குக் காகிதம் சரியானது. பழைய பேப்பர் கடையும் எடுத்துக்கொள்ளும். மாவுக்கும் மசாலாவுக்கும் வெறும் காகிதம் ஈரம் தாங்காது. உள்ளே பிளாஸ்டிக் பூச வேண்டும். பூசிய உடனே அது மூன்றாம் வகை; பேப்பர் கடையும் வாங்காது, பிளாஸ்டிக் கடையும் வாங்காது. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பைகள் தடையில் சேர்க்கப்பட்டதும், 2023இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் நினைவிருக்கட்டும்.

எடையும் பெரிய விஷயம். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு, காகிதப் பையை மூன்று முறையாவது பயன்படுத்தினால்தான் ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பத்துக்கு நல்லது என்றது. மசாலா பையை யாரும் மூன்று முறை நிரப்பப் போவதில்லை. பவுச் ஆலைக்காரருக்கு இது வேறு தொழில். வேறு இயந்திரம், வேறு பசை, வேறு போட்டியாளர்கள்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஒரே வகை லேமினேட் | மறுசுழற்சிக் குருணை | மட்கும் பிளாஸ்டிக் | காகிதம் |
|---|---|---|---|---|
| பொருளைக் காப்பது | ஈரம் நன்று. ஆக்சிஜனுக்குத் தனி அடுக்கு வேண்டும் | உணவல்லாததற்குப் போதும் | குறுகிய காலத்துக்கு | பூச்சில்லாமல் மிகக் குறைவு |
| இயந்திரம் | சீலிங் சூட்டில் சிக்கல் | இருப்பதே போதும். நிறுத்தங்கள் கூடும் | ஓடும். சுத்தம் செய்து மாற்ற வேண்டும் | புதிது வேண்டும் |
| காலிப் பையின் கதி | பெரிய பை விலை போகும், சாஷே போகாது | அசல் பிலிமைப் போலவே | உரக்கூடம் இருந்தால் மட்டும் | பூச்சில்லாதது விலை போகும் |
| சட்ட வகை | இரண்டு | இரண்டு (கலப்பு இலக்குக்கு உதவும்) | நான்கு | பூச்சிருந்தால் மூன்று |
| மறைந்த செலவு | வேக இழப்பு, சோதனை ஓட்டம் | கனம் ஏற்றுவது, வலை மாற்றம் | எடை, குறைந்த ஆயுள் | ஈரம், எடை, புது முதலீடு |

யார் எதை எடுக்கலாம்

பருப்பு, மாவு, உப்பு போன்ற உலர் உணவைப் பெரிய பையில் அடைக்கும் வாடிக்கையாளர்கள் அதிகம் என்றால் ஒரே வகை லேமினேட். ஐரோப்பாவுக்கு அனுப்பும் மசாலா ஏற்றுமதியாளர் ஒருவர் பட்டியலில் இருந்தாலும் இதே பதில். நாள் தள்ளாமல் தொடங்குங்கள். சலவைத் தூள், உரம், ஆடை உறை என்றால் மறுசுழற்சிக் குருணை. இரண்டும் கலந்த ஆலைக்கு நான் குருணையை முதலில் சொல்வேன். இயந்திரம் வாங்காமலே தொடங்கலாம், அதில் பழகிய பிலிம் ஒழுங்கு பிறகு லேமினேட்டுக்கும் உதவும். மட்கும் பிளாஸ்டிக்கை, எடுத்துச் செல்ல உரக்கூடம் இருக்கிறது என்று எழுத்தில் காட்டும் வாடிக்கையாளருக்கு மட்டும், அதுவும் வெளியே வாங்கிய பிலிமில் செய்து கொடுங்கள்.

அலுமினியத் தகடு இல்லாமல் முடியாத பொருள்கள் சிலவும் இருக்கின்றன. சில மருந்துகள், நீண்ட நாள் வைக்கும் காபி போன்றவை. அவற்றின் காலிப் பை அரியலூர் போன்ற இடங்களின் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகப் போவதுதான் இன்றைய யதார்த்தம். அங்கே மைக்ரானைக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பச்சை இலைப் படம் அச்சடிக்க வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தாலும், சோதனை ஓட்டத்துக்கு முன் ஒரு தாளில் மூன்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்: சோதனையில் கழிவாகும் பிலிமின் விலையை யார் ஏற்பது, நிரப்பும் வேகம் எவ்வளவு குறைந்தால் சம்மதம், சீல் பிரிந்து திரும்பும் பைகளில் எத்தனை சதவீதம் வரை பொறுத்துக்கொள்வது. பசுமை கேட்டுக் கடிதம் எழுதிய கொள்முதல் அதிகாரி இந்த மூன்றாவது வரியில்தான் பேனாவைக் கீழே வைப்பார். அவர் சம்மதிக்கும் எண் வந்த பிறகு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கலாம்.